மூணாற்றுத் தேயிலையும் விலைச் செய்தியும்

ஒரு பொருளை விளைவிப்பவன் அதன் விலையை அறியாதிருப்பது உலக வாணிபத்தில் புதிதன்று. ஆயினும் மூணாற்று மலைகளில் அந்நிலை எவ்வளவு காலம் நீடித்தது, எந்தெந்தக் கருவிகளால் மாறிற்று, எவருக்கு மாறிற்று, எவருக்கு மாறவில்லை என்பது விரிவாக ஆராயத்தக்க வரலாறு. வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுள் பலர் இன்று பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் கணிப்பொறித் தொழிலில் அமர்ந்திருக்கிறீர்கள். கம்பெனிகள் தம் கணக்கையும் சரக்கையும் சந்தையையும் அறிந்துகொள்வதற்கான யந்திரங்களையும் முறைகளையும் ஆக்கி விற்பதே அத்தொழில். எந்தப் புதிய கருவிக்கு நாளைக்கு மதிப்பு உண்டாகும் என்று கணித்துச் சொல்வதும் அதில் ஒரு தனித் துறையாகிவிட்டது. இத்தொழிலின் பிறப்பை அமெரிக்காவுக்கே உரியதாக்கிப் பேசுவது வழக்கம். அதில் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு.

முதலில் இடத்தைச் சொல்வோம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடம் ஆதலின் மூணாறு எனப் பெயர் பெற்றது. 1877-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலையை ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் குத்தகைக்குப் பெற்றார். ஏறத்தாழ 227 சதுர மைல் நிலம் அது. 1879-இல் வட திருவிதாங்கூர் நில அபிவிருத்தி விவசாயச் சங்கம் ஒன்றைத் துரைமார் நிறுவினர். காப்பி, சின்கோனா, ஏலம் என்று எதை எதையோ நட்டுப் பார்த்தார்கள். 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற தோட்டத்தில் முதன்முதல் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி ஏற்பட்டது. அதன் பின்னணியில் இருந்தது ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பின்லே வர்த்தக நிறுவனம். பெரியவாரை, சொக்கநாடு, நயமக்காடு, கன்னிமலை என்று தோட்டங்கள் பெருகின. பெயர்களைக் கேட்டாலே அங்கே குடியேறிய மக்கள் யார் என்பது விளங்கும்.

கொழுந்து பறித்து, வாட்டி, உருட்டி, உலர்த்திப் பெட்டியில் அடைத்தபின் அந்தத் தேயிலை மலையிலிருந்து இறங்க வேண்டும். மேற்கே கொச்சி மிக அருகில் இருப்பதுபோல் படத்தில் தோன்றும். ஆனால் அக்காலத்தில் சரக்கு போன வழி கிழக்கு நோக்கியே. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1902 முதல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடிற்று. ஒரு சக்கரம் தண்டவாளத்தின் மேலும் மற்றொரு சக்கரம் சாலையின் மேலுமாக உருள, காளைகள் இழுத்துச் செல்லும் விசித்திரமான ஏற்பாடு அது. 1908-இல் அதை இரண்டடி அகல இருப்புப்பாதையாக்கினர். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர், பின் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், அதன்பின் தூத்துக்குடித் துறைமுகம், அப்புறம் கப்பல். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல்தான்.

பெட்டிகள் இவ்வாறு வாரக்கணக்கில் நகர்ந்தன. ஆனால் பெட்டிக்கு விலை வைப்பவர்கள் லண்டனில் மின்ஸிங் லேன் என்ற தெருவில் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1679-இல் தேயிலையை ஏலம் விடத் தொடங்கிய நகரம் அது. அஸ்ஸாமில் விளைந்த முதல் எட்டுப் பெட்டித் தேயிலை 1839 ஜனவரியில் ஏலம் போனதும் லண்டனிலேயே. 1861 டிசம்பரில் கல்கத்தாவிலும் 1883-இல் கொழும்பிலும் ஏலச் சந்தைகள் ஏற்பட்டன என்றாலும், உலகத்தின் விலை மின்ஸிங் லேனைப் பார்த்தே அசைந்தது.

ஏலத்தின் முறை கவனிக்கத்தக்கது. தேயிலை என்பது நெல்லைப் போலவோ பஞ்சைப் போலவோ ஒரே வகையாக அளந்து விற்கக்கூடிய சரக்கன்று. ஒரே தோட்டத்தில் ஒரே மாதத்தில் இரு வேறு நாட்களில் ஆக்கிய தேயிலை இரு வேறு சுவை தரும். எனவே தரகர் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, கரண்டியால் உறிஞ்சிச் சுவைத்துத் துப்பி, இதற்கு இன்ன விலை பெறும் என்று குறித்துப் பட்டியல் அச்சிடுவார். வாங்குவோரும் தாமே மாதிரி சுவைத்துத் தம் மதிப்பைக் குறித்துக்கொண்டு ஏலக் கூடத்துக்கு வருவர். இரு கட்சியாரிடமும் செய்தி நிறைந்திருக்கும். இடையில் இருக்கும் தரகரிடமோ எல்லாச் செய்தியும் இருக்கும். விளைவித்த மலையில் மட்டும் அது இராது.

இங்கேதான் தந்தி வந்து சேர்கிறது. 1870-இல் பம்பாய்க்கும் சூயஸுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நேரான தொடர்பு உண்டாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே சூயஸ் கால்வாய் திறந்துவிட்டிருந்தது. சரக்கின் வேகமும் செய்தியின் வேகமும் ஓராண்டு இடைவெளியில் ஒருங்கே மாறின என்றாலும், இரண்டும் ஒரே அளவில் மாறவில்லை. கப்பலுக்கு இன்னும் வாரங்கள் வேண்டியிருந்தன. விலைச் செய்திக்கோ மணி நேரம் போதும். சரக்கு கடலில் இருக்கும்போதே அதன் விலையைப் பேசி முடிக்க இயன்றது. இன்றைய வணிக நூலார் எதிர்கால வாணிபம், இருப்புக் குறைப்பு என்று பெயரிட்டு வழங்கும் பலவும் அந்த இடைவெளியில் முளைத்தவை.

தந்திக்குச் சொல்லொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே வியாபாரிகள் குழூஉக்குறி நூல்களை ஆக்கிக்கொண்டார்கள். 1873-இல் வெளிவந்த ஏ.பி.ஸி. குறிநூலும், 1906-இல் வந்த பென்ட்லியின் குறிநூலும் இவற்றுள் பெயர் பெற்றவை. அவற்றில் ஒரு சொல் ஒரு முழு வாக்கியத்தைக் குறிக்கும். 'சந்தை மந்தமாயுள்ளது, மறு உத்தரவு வரும் வரை சரக்கு அனுப்பற்க' என்னும் நீண்ட கட்டளை ஒரே சொல்லில் அடங்கிவிடும். செலவு குறைந்ததோடு மற்றொரு பயனும் கிட்டிற்று. தந்தி ஆபீஸ் குமாஸ்தாவும், அதைச் சுமந்து செல்லும் சேவகனும், தோட்டத்துக் கணக்கரும் அதைப் படித்தாலும் பொருள் விளங்காது. இன்று செய்தியைச் சுருக்குவதற்கும் மறைப்பதற்கும் தனித் தனிச் சாத்திரங்கள் இருக்கின்றன. அக்காலத்துத் தேயிலை வியாபாரி ஒரு புத்தகத்தால் இரண்டையும் செய்துகொண்டான்.

மேலே சொன்னது துரைமாரின் செய்தி வழி. மலைக்கு வந்த தமிழ் மக்களுக்கோ செய்தி வழி வேறாக இருந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளில் மழை பொய்த்த காலங்களில் கிராமத்துக்கு வரும் கங்காணியே அவர்களுக்குத் தந்தியும் பத்திரிகையும். மலையில் கூலி எவ்வளவு, குளிர் எப்படி, லயத்தில் எத்தனை பேர் தங்க வேண்டும், முன்பணம் எந்தக் கணக்கில் கழியும் என்பவற்றை அவன் சொன்னபடிதான் அறிய முடியும். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தரகு கிடைத்தபடியால், அவன் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். போடியிலிருந்து குரங்கணி வழியாக ஏறி டாப் ஸ்டேஷனைக் கண்டபின்புதான் உண்மை கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது திரும்பிப் போவதற்குக் கையில் காசு இல்லை. கணக்கில் கடன் மட்டும் இருந்தது. லண்டன் சந்தையைத் தரகன் ஆண்டதுபோல் கூலிச் சந்தையைக் கங்காணி ஆண்டான். இருவரின் மூலதனமும் ஒன்றே: பிறர் அறியாததைத் தாம் அறிந்திருத்தல்.

தோட்டத்திலே நாள்தோறும் உண்டான செய்தியும் சாமான்யமன்று. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் ஆளெண்ணிக்கை எடுத்தல், எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரித்தல், கூடையை நிறுத்துக் கொழுந்தின் எடையைப் பதிதல், ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழிவு போடுதல், மாத முடிவில் அரிசிக் கடனையும் முன்பணத்தையும் கழித்துச் சம்பளம் காட்டுதல் ஆகிய அனைத்தும் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் ஏறின. பறித்தவளுக்கு எழுத்து வாசனை இல்லாத காலம். தராசின் முள் எங்கே நின்றது என்பதை அவள் பார்க்கலாம். ஏட்டில் என்ன விழுந்தது என்பதை அவள் அறியாள். தொழிற்சங்கங்கள் தோன்றியபின் அவை முதலில் எழுப்பிய பிரச்னைகளுள் எடைக்கழிவும் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னர், கங்காணி முறை படிப்படியாக மறைந்தது. 1956-இல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. ஆகவே ஊரைவிட்டு அயலுக்குப் போகாமலேயே இம்மக்களும் வெளி மாநிலத் தமிழராயினர்.

1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் 1099-ஆம் ஆண்டு ஆதலால் மலையாளத்தார் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பர். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதில் அழிந்தது. மறுபடி போடப்படவே இல்லை. 1931-இல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குப் புதிய சாலை திறக்கப்பட்டது. அதன்பின் தேயிலை சிறிது சிறிதாக மேற்கு நோக்கித் திரும்பிற்று. கொச்சியில் துறைமுகமும் பெருகிக்கொண்டிருந்தது. போடியின் தேயிலைப் போக்குவரத்து தேய்ந்தது. ஆயினும் ஏலக்காய் வாணிபம் அவ்வூரைக் கைவிடவில்லை.

இதற்கிடையே உலகச் சந்தை சரிந்தது. 1929-க்குப் பின் வந்த பெரு மந்தத்தில் தேயிலை விலை விழ, இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று இடங்களின் உற்பத்தியாளர்களும் 1933-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, இன்ன நாடு இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டினர். வரம்பு கட்டவேண்டுமானால் எங்கே எவ்வளவு விளைகிறது, எவ்வளவு கிடங்கில் இருக்கிறது, எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம் வேண்டும். அதற்காகவே சர்வதேசத் தேயிலைக் கமிட்டி ஏற்பட்டது. சந்தை ஆராய்ச்சி என்று நாம் இன்று சொல்வது ஒரு சில தரகர்களின் மூக்கிலும் நாவிலும் இருந்து நீங்கி அச்சிட்ட அட்டவணைக்கு வந்தது ஏறக்குறைய இக்காலத்திலேயே. 1937-இல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவுச் சபை என்ற பெயரில் ஓர் அமைப்பும் நம் நாட்டில் இயங்கிற்று. நம் பாட்டன்மாருக்குத் தேநீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்களே என்று சற்று மிகைப்படுத்திச் சொல்லலாம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது லண்டன் ஏலம் நின்றுபோய், பிரிட்டிஷ் உணவு இலாகாவே மொத்தமாகத் தேயிலையை வாங்கி வந்தது. அங்கே ஏலம் திரும்பவும் தொடங்கியது 1951-இல். அதற்குள் 1947-இல் கொச்சியில் நமக்கென ஏலச் சந்தை ஏற்பட்டுவிட்டது. விலை சொல்லும் இடம் கடலைத் தாண்டி மலையின் அடிவாரத்துக்கு வந்தது என்பதே இதன் கருத்து. குன்னூரில் 1963-இலும் கோயமுத்தூரில் 1980-இலும் ஏலச் சந்தைகள் அமைந்தன. லண்டன் ஏலம் 1998 ஜூன் மாதத்தில் முடிவுற்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஒரு கூட்டம் கலைந்தபோது நம் நாட்டில் அதைக் கவனித்தவர்கள் மிகச் சிலரே.

மூணாற்றில் நல்லதண்ணித் தோட்டத்தில் 2004-இல் திறக்கப்பட்ட தேயிலைக் காட்சிச்சாலையைப் பார்த்த நேயர்கள் இருக்கக்கூடும். கையால் சுழற்றும் டெலிபோன், பழைய தட்டெழுத்துப் பொறிகள், கையால் திருகும் கணக்குப் பொறிகள், நாசரேத்துக் கைத்தொழிற் பள்ளியில் 1913-இல் செய்த சூரியக் கடிகாரம் ஆகியன அங்கே உள்ளன. உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் தேயிலை உருட்டும் யந்திரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாம் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் அந்தக் கணக்குப் பொறிகளின் முன்பே. மலை மலையாகச் சிதறிக் கிடந்த தோட்டங்களை ஒரே கம்பெனியாக நடத்த முடிந்தது எப்படி என்ற வினாவுக்கு விடை அவற்றிலே அடங்கியிருக்கிறது.

இனி லண்டனுக்கு ஒரு முறை திரும்பிச் செல்வோம். அங்கே ஜே. லயன்ஸ் என்றொரு கம்பெனி 1894-இல் பிக்காடில்லியில் ஒரு தேநீர்க் கடையைத் திறந்து, பின்பு நகரெங்கும் கடைகளைப் பரப்பிற்று. மின்ஸிங் லேனில் பெருவாரியாகத் தேயிலை வாங்கிக் கலந்து பொட்டலமிட்டு விற்றவர்களும் அவர்களே. ஒரு தேநீருக்கும் ஒரு ரொட்டித் துண்டுக்கும் கிடைக்கும் லாபம் மிக அற்பம். கோடிக்கணக்கான அற்ப லாபங்களின் மேல் நிற்கும் கம்பெனிக்குக் கணக்கு எழுதும் செலவே ஆளை விழுங்கிவிடும். ஆகையால் அக்கம்பெனியில் காரியாலய முறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. ஜான் ஸிம்மன்ஸ் என்ற கணித நிபுணர் அதற்குத் தலைவர்.

1947-இல் தாம்ஸன், ஸ்டாண்டிங்போர்டு என்ற இரு அதிகாரிகளை லயன்ஸ் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. யுத்த காலத்தில் பீரங்கிக் கணக்குக்காக ஆக்கப்பட்ட மின்னணு யந்திரங்களைப் பார்த்த அவர்களுக்கு, இவை கணக்குப்பிள்ளையின் வேலையையும் செய்யுமே என்று தோன்றிற்று. அதைப் போலவே கேம்பிரிட்ஜிலும் ஒன்றை ஆக்கி வருகிறார்கள் என்று அமெரிக்கர்களே அவர்களுக்குச் சொன்னார்கள். தம் ஊருக்குப் பக்கத்தில் நடப்பதை அறியக் கடல் கடந்து போகவேண்டியிருந்தது! கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் வில்க்ஸின் முயற்சிக்கு லயன்ஸ் கம்பெனி மூவாயிரம் பவுனும் ஓர் எஞ்சினீயரையும் கொடுத்துதவிற்று. அந்த யந்திரம் 1949 மே மாதத்தில் இயங்கியது. அதைப் பின்பற்றி லயன்ஸ் கம்பெனி தனக்கென ஆக்கிக்கொண்ட யந்திரத்துக்கு லியோ என்று பெயர். ஏறத்தாழ ஆறாயிரம் வால்வுகளும், நினைவுக்குப் பாதரசக் குழாய்களும் கொண்ட பூதம் அது. 1951 நவம்பரில் ரொட்டி வகைகளின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை வாரந்தோறும் ஒழுங்காகச் செய்யத் தொடங்கிற்று. வியாபாரக் காரியாலய வேலைக்கு அன்றாடம் பயன்பட்ட உலகத்தின் முதல் கணிப்பொறி இதுவே என்று வரலாற்றாசிரியர் கொள்வர்.

சில ஆண்டுகளில் அது சம்பளக் கணக்கையும் போட்டது. தேர்ந்த குமாஸ்தா ஒருவர் எட்டு நிமிஷம் எடுத்துக்கொண்ட ஓர் ஊழியரின் சம்பளத்தை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது. இவ்வேகத்தைக்காட்டிலும் நம் கருத்தைக் கவர்வது மற்றொன்று. தேநீர்க் கடை ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு ஏற்ப ஒரு நிலையான சரக்குப் பட்டியல் இருக்கும். கடைத் தலைவி பிற்பகலில் டெலிபோனில் அழைத்து, நாளைக்கு இதில் இவ்வளவு கூட்டுக, அதில் இவ்வளவு குறைக்க என்று மாறுதலை மட்டும் சொல்வாள். அது துளையிட்ட அட்டையில் பதிந்து யந்திரத்துக்குள் போகும். இரவுக்குள் ரொட்டிச் சூளைக்கும் லாரிக்கும் கட்டளைகள் அச்சாகி வந்துவிடும். எந்தக் கடையில் எது விற்கிறது, எது தேங்குகிறது என்பதும் உடன் தெரிந்துவிடும். தேயிலைக் கலப்பின் இருப்புக் கணக்கும் லியோவிடம் சென்றது. கங்காணியின் வாய்ச்சொல்லில் தொடங்கிய கதை இங்கே, இன்று மாலை ஒருவர் தேநீர் குடித்தால் நாளைக் காலை கணக்கில் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. லயன்ஸ் 1954-இல் இந்த யந்திரங்களை விற்பதற்கே தனிக் கம்பெனி அமைத்தது. ஆனால் அமெரிக்கப் போட்டிக்கு எதிரே நிற்க மாட்டாமல் 1963-இல் அது வேறொரு மின்சாரக் கம்பெனியோடு இணைந்தது. முதலில் கண்டவன் முடிவில் விற்பவனாக இருப்பதில்லை என்பதைத் தொழில்நுட்பச் சந்தையை ஆராய்பவர்கள் இன்றும் இதை வைத்துப் பேசுகிறார்கள்.

நம் நாட்டில் கல்கத்தாப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் முதல் கணிப்பொறி வந்தது. பம்பாயில் 1960-இல் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தார் தாமே ஒன்றை ஆக்கினர். வியாபாரக் கம்பெனிகள் அறுபதுகளில் வாங்கத் தொடங்கின. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் கல்கத்தாவில் ஒரு யந்திரத்தை நிறுவ முயன்றபோது ஊழியர்கள் அதை உள்ளே விடாமல் காவல் காத்தார்கள். அவர்களது அச்சம் வெறும் மூடத்தனம் என்று நாம் கருதவில்லை. எட்டு நிமிஷம் ஒன்றரை விநாடியாகும்போது எஞ்சிய நேரம் யாருக்கு உரியது என்ற நியாயமான வினா அது. யந்திரமயமாக்கல் குறித்து ஆராய அரசாங்கமே 1969-இல் ஒரு கமிட்டி அமைக்க வேண்டியிருந்தது.

இந்தக் காலத்திலேதான் மூணாற்றிலும் உரிமை கைமாறத் தொடங்கிற்று. 1964-இல் டாட்டா நிறுவனம் பின்லேயுடன் கூட்டுச் சேர்ந்து உடனடித் தேயிலைத் தூள் ஆலையை மூணாற்றில் அமைத்தது. 1976-இல் தோட்டங்கள் டாட்டா–பின்லேயிடம் வந்தன. 1983 முதல் அது டாட்டா டீ ஆயிற்று. அதே டாட்டா குடும்பம் 1968-இல் தொடங்கிய கணிப்பொறிச் சேவை நிறுவனம், தன் சகோதரக் கம்பெனிகளுக்குத் துளையட்டைக் கணக்குப் போடுவதில் ஆரம்பித்து, இன்று லட்சக்கணக்கானோருக்கு வேலை தரும் ஸ்தாபனமாகிவிட்டது. மூணாற்று லயத்தில் வளர்ந்த பிள்ளைகளும் அத்தகைய காரியாலயங்களுக்குச் சென்றிருக்கிறார்கள்.

தேயிலையின் கதியோ வேறு திசையில் போயிற்று. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபோது நம் தேயிலையின் மிகப் பெரிய கொள்முதல்காரர் மறைந்தார். தொண்ணூறுகளின் இறுதியில் விலை வீழ்ந்தது. தென்னிந்தியத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. 2000-இல் டாட்டா டீ இங்கிலாந்தின் டெட்லி கம்பெனியை 271 மில்லியன் பவுனுக்கு வாங்கிற்று. தோட்டத்தில் கொழுந்துக்குக் கிடைப்பதைவிடக் கடையில் பொட்டலத்துக்குக் கிடைக்கும் லாபமே நிலையானது என்பது சந்தைக் கணக்கு சொன்ன பாடம். அதற்கு ஏற்ப 2005 ஏப்ரலில் மூணாற்றுத் தோட்டங்களைப் புதிதாக அமைந்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, 'கண்ணன் தேவன்' என்ற விற்பனைப் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களும் உத்தியோகஸ்தர்களும் புதிய கம்பெனியில் பங்குதாரர்கள் ஆனார்கள். கொழுந்து பறிக்கும் கைக்குக் கம்பெனியில் பங்கு கிடைத்தது பெரிய காரியமே. ஆனால் மலையை எவரிடம் விடலாம், பெயரை எவரிடம் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்த செய்தி எவரிடம் இருந்தது என்பதையும் நாம் சேர்த்து நோக்க வேண்டும்.

ஏலமும் யந்திரத்துக்குள் சென்றது. கூடத்தில் கூவி ஏலம் கேட்ட காலத்தில் வாங்குவோர் ஒருவருக்கொருவர் போட்டியிடாமல் தொகுதியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்தது. தேயிலை வாரியம் இப்புத்தாயிரத்தின் முதற் பத்தாண்டில் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. முதல் முயற்சி வேரூன்றவில்லை. தேசியப் பங்குச் சந்தையின் கணிப்பொறிக் கிளை அமைத்துத் தந்த இரண்டாம் முறையே நிலைத்தது. 2016-இல் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்தச் சந்தையிலும் ஏலம் கேட்கலாம் என்றாயிற்று. இப்போது திரையில் தொகுதியின் எண்ணும் தரமும் தரகரின் மதிப்பும் தோன்றும். கேட்பவர் விலையைத் தட்டுவார். அவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஏலக்காய்க்கும் போடியிலும் இடுக்கி மாவட்டத்திலும் இவ்வாறே மின்னணு ஏலம் நடக்கிறது. அன்றன்றைய விலை கைபேசியில் வந்துவிடுவதால், இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் அது தெரிகிறது. இம்மாறுதலில் யாதொரு ஐயமுமின்றி நாம் மகிழக்கூடிய இடம் இதுவே. நாவினால் சுவைத்து மதிப்பிடும் தரகரை மட்டும் எந்தக் கணிப்பொறியும் இன்னும் வேலையை விட்டு நீக்கவில்லை.

பறிக்கும் பெண்களுக்கு இச்செய்தி எவ்வளவு தூரம் எட்டிற்று? 2015 செப்டம்பரில், கம்பெனியின் லாபம் குறைந்துவிட்டது என்று கூறி அதற்கு முந்திய ஆண்டுகளைவிடக் குறைவாகப் பத்து சதவிகிதப் போனஸ் அறிவிக்கப்பட்டபோது, மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். பெண்பிள்ளை ஒருமை என்று அவ்வியக்கத்துக்குப் பெயர் ஏற்பட்டது. நெடுங்காலமாகத் தமக்காகப் பேசி வந்த சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகே அண்டவிடவில்லை. லாப நஷ்டக் கணக்கை வேறொருவர் படித்துச் சொல்ல, தாம் கேட்டுக்கொள்வது என்ற ஏற்பாட்டையே அவர்கள் மறுத்தார்கள் என்று நாம் கொள்ளலாம். ஒன்பது நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின், போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து இருபது சதவிகிதம் கிடைத்தது.

செய்தி வேறொரு வகையிலும் மலைக்கு வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, நயமக்காடு தோட்டத்தைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் வந்தவர்களின் வழியினர். கொச்சியில் ஒருவர் தேயிலைக்குக் கேட்கும் விலை கல்கத்தாவுக்கு ஒரு நொடியில் தெரியும் காலம் அது. பெட்டிமுடியிலோ மழையில் மின்சாரம் போய், கைபேசித் தொடர்பும் அற்றுக் கிடந்தது. இருட்டில் நடந்து இராஜமலைக்குப் போய்ச் சொன்னவர்களாலேயே விஷயம் வெளியே தெரிந்தது. உதவி வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது.